வாசல் பக்கத்து இடம்

என்னங்க,

நேரில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் தங்கப்போகும் கேரவன் வண்டியை ஆற்றோரமாக நிறுத்த இடம் கேட்கலாமென்று, தெற்கே நீங்கள் பதிவு செய்த சுற்றுலா முகாமுக்கு இன்று போன் போட்டேன்.

"ரேடியேஷனுக்கு தினமும் ஆஸ்பத்திரி போறவங்களுக்கு வாசல் பக்கம்தாம்மா குடுப்போம். சார் ஆறு வாரத்துக்குப் போட்டிருக்காரே, தெரியாதா?" என்றார் மேலாளர்.

"தெரியுமே" என்றேன். போன் கைநழுவிப் பாத்திரம் கழுவும் தண்ணீரில் விழுந்தது. உல்லாசப் பயணமென்று நான் நீச்சலுடை வேறு வாங்கி வைத்திருக்கிறேன்!

ஒரு மாதமாக, "ரிவர்ஸ் எடு, இன்னும் எடு" என்று கேரவன் ஓட்டச் சொல்லி என்னை ஏன் அந்தப் பாடு படுத்தினீர்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது.

நேற்று கம்பத்தில் இடித்தேன். இனி இடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவர்