அம்மாவின் மேல் வைத்த நேர்ச்சை

சேசு மரி சூசை துணை

தேங்காய்ப்பட்டணம்
18.1.2009

அன்புள்ள அண்ணன் ஞானதாசனுக்கு, தங்கை ஷெர்லி எழுதுவது.

உன் சுகத்தை விசாரித்துத் தொடங்க இந்தத் தடவை மனசு வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதி, சார்ஜாவுக்குத் திரும்பும் குமாரதாஸ் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவின் வயிற்றில் குழாய் வைத்த இடம் பழுத்துவிட்டது. கிட்னி போன பிறகு அந்தக் குழாய்தான் அவள் உயிர். நாளைக்கு நாலு தடவை அதன் வழியாக மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்குகிறேன். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வாயையும் மூக்கையும் மூடிக்கட்டி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகுதான் அந்த இடத்தைத் தொடுவேன். ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள்கூட அங்கே சிவந்ததில்லை.

மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள், நான் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கத் தக்கலைக்குப் போன நேரம் பார்த்து, அம்மா தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்யப் போயிருக்கிறாள். மண்ணில் குப்புற விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து. குழாய் இழுபட்டு, கட்டுப் பிரிந்து, புண்ணுக்குள் மணல். டாக்டரிடம், "குளிமுறியில வழுக்கிட்டேன்" என்று பொய் சொல்கிறாள். அடுத்த வீட்டு எலிசாதான் உண்மையைச் சொன்னாள்.

"ஒனக்க அண்ணன் நேந்திருக்கேன்னு போன்ல சொன்னானாம் மக்கா. மகன் நேந்தத முடிக்காண்டாமான்னு எங்கிட்ட கேட்டா."

உனக்கு மூளை இருக்கிறதா அண்ணா? நேர்வதென்றால் உன் உடம்பை வைத்து நேர வேண்டியதுதானே? இறக்குகிற தண்ணீர் கஞ்சித் தண்ணிபோலக் கலங்கி வருகிறது. இந்த வாரத்துக்குள் தெளியாவிட்டால் குழாயை எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

ஷெர்லி


சார்ஜா
2.2.2009

அன்புத் தங்கை ஷெர்லிக்கு,

கடிதம் கிடைத்தது. மூத்தவனுக்கு எழுதுகிற எழுத்தா இது? ஏட்டி, பாத்துக்கத்தானே நீ அங்க இருக்க? நோயாளியைத் தனியே விட்டுவிட்டுத் தக்கலைக்குப் போனது நீ. பழி மட்டும் எனக்கா?

தெய்வ காரியத்தைக் குறை சொல்லாதே. விசாவைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி ஒற்றைக்காலில் நின்றது. என் அம்மா கும்பிடு நமஸ்காரம் செய்வாள், விசாவைத் தா என்று மாதாவிடம் நேர்ந்தேன். அம்மா செய்து முடித்த பத்தாம் நாள் விசா அடித்துத் தந்துவிட்டார்கள். அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள். குழாயை எடுத்தால் வேறு வைக்கட்டும். நல்ல கையுறை கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்
ஞானதாசன்


தேங்காய்ப்பட்டணம்
20.2.2009

அண்ணனுக்கு,

அம்மா குணமாகத்தான் நேர்ந்தாய் என்று நினைத்திருந்தேன். முட்டாள்தனம்தான், ஆனாலும் பாசம் என்று மனசைத் தேற்றியிருந்தேன். விசாவுக்கா? நடக்கவே மூச்சு வாங்குகிறவளை அதற்காகவா மண்ணில் குப்புறப் போட்டாய்? வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

குழாயை எடுத்துவிட்டார்கள். வயிற்றுக்குள் ஒட்டிப்போனதால் இனி அங்கே வைக்க முடியாதாம். இப்போது கழுத்தில் குழாய். வாரம் மூன்று நாள் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் நாலு மணி நேரம் கிடக்கிறாள். கட்டு நனையக் கூடாது என்று தலைகுளிக்க விடாததற்கு என்னோடு சண்டை வேறு.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளாவது உன்னைத் திட்டுவாள் என்று ஆசைப்பட்டேன். கழுத்துக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியுமே ஏட்டி. விசாக்குன்னு சொல்லித்தான் அவன் அழுதான். கெடச்சாச்சா? அப்போ அடுத்த திருவிழாக்கு மீதியையும் முடிக்கணும். தேரு பாதித் தெரு போகும்போதே நான் தளந்து எழும்பிட்டேன். பாக்கி வச்சா அவனுக்கு ஆகாது" என்றாள்.

கட்டு மாற்றுகிற நேரம் அது. அந்தக் கோபத்தோடு அவளைத் தொடக் கூடாதென்று வெளியே போய் நின்றேன்.

அடுத்த திருவிழாவுக்கு நீ வா. மீதித் தெரு உன்னுடையது. வர முடியாவிட்டால், நேர்ச்சை தீர்ந்துவிட்டது, இனி விழ வேண்டாம் என்று உன் வாயால் அவளிடம் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ சொன்னால் செத்தாலும் செய்வாள்.

ஷெர்லி