வாசலில் மட்டும் எரியும் விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

வண்டியில் மஞ்சள் விளக்கு. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஸ்டீயரிங் படம், இன்னொன்று சறுக்குகிற கார் படம். சாவியைத் திருப்பியதும் எரிந்தவை அணையவே இல்லை. அப்பா பெல்ட் போட்டு உட்கார்ந்தாயிற்று. செவ்வாய், வியாழன், சனி என்றால் டயாலிசிஸ், அதில் மாற்றமே கிடையாது. பாலத்தில் போகும்போது ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால்? வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர் ஆயிற்றே என்று, "போலாமாப்பா?" என்றேன்.

"ஸ்டீயரிங் விளக்கும்மா. விளையாட்டில்ல."

இறங்கிவிட்டோம். வாடகைக் காரில் ஏற மாட்டேன் என்று அப்பா ஒரே பிடி. வரும்போது வாந்தி வரும், அடுத்தவன் வண்டியை அசிங்கம் பண்ண மாட்டாராம். ஆஸ்பத்திரியில் கெஞ்சிப் பார்த்தேன். நாளைக்கு இடம் இல்லை, வியாழன்தான்.

மார்ச் 5, புதன்

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மெக்கானிக் கடைக்கு ஓட்டினேன். தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு விளக்கும் அணைந்துவிட்டன! "விளக்கு எங்கக்கா?" என்று சிரிக்கிறான். பேட்டரி பழசு, வோல்ட் குறைந்தால் இப்படித்தான் கண்டதையும் காட்டும் என்றான். புது பேட்டரி போட்டு, வண்டிக் கடிகாரத்தையும் திருத்திக் கொடுத்தான். அப்பாடா.

மார்ச் 6, வியாழன்

போனோம், வந்தோம். விளக்கு இல்லை. வரும் வழியெல்லாம் அப்பா கெண்டைக்காலை நீவிக்கொண்டே வந்தார்.

மார்ச் 8, சனி

மறுபடியும்! புது பேட்டரி போட்டும் அதே இரண்டும்! ஸ்டீயரிங்கிலேயே தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன். மெக்கானிக்குக்கு போன் போட்டால், "சென்சாரா இருக்கும்கா, திங்கக்கிழமை கொண்டாங்க, அதுவரைக்கும் தூரமா ஓட்டாதீங்க" என்கிறான். இன்றைக்கு நான் என்ன செய்ய?

அப்பா எனக்கு ஆறுதல் சொல்கிறார். "ஒரு நாள் விட்டா செத்தா போயிடுவேன்?"

கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவால் படுக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். கடவுளே, செவ்வாய் சீக்கிரம் வரட்டும்.

மார்ச் 10, திங்கள்

கடைக்குப் போவதற்குள் விளக்குகள் வழக்கம்போல் அணைந்துவிட்டன. டாக்டரைப் பார்த்ததும் ஓடிப்போகிற பல்வலி மாதிரி. சென்சாரும் நன்றாகத்தான் இருக்கிறதாம். கிளம்பும்போது, "இந்தக் கடிகாரத்தையும் பாருப்பா. நீ திருத்திக் கொடுத்தும் திரும்பத் தப்பாக் காட்டுது" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "வீட்ல யாராவது பேட்டரி வயரக் கழட்டினாங்களா? கழட்டி மாட்டினா கடிகாரம் முதல்லேருந்து ஓடும். ஸ்டீயரிங் சென்சாருக்கும் நேர் எதுன்னு மறந்துபோகும். கொஞ்ச தூரம் ஓட்டினா தானா சரியாயிடும்."

"யாரு கழட்டப்போறா? வீட்ல நானும் எங்கப்பாவும்தான்" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

முடிக்க முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

விடிந்ததும் வாசலுக்குப் போனேன். பானெட் திறந்திருந்தது. அப்பா ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையால் வண்டியைப் பிடித்தபடி மூச்சிரைக்க நிற்கிறார். வயர் தனியாகத் தொங்குகிறது.

கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "சாகணும்னா வாயத் திறந்து சொல்லுங்களேன்! எதுக்கு இந்தத் திருட்டு வேலை?" பெற்ற அப்பாவைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கேட்டுவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "ஒரு விளக்கு எரிஞ்சா வண்டிய நிறுத்திடுற. நான் போதும்மா, போதும்மான்னு எத்தன நாளாச் சொல்றேன். ஒரு தடவ நின்னியா?"

படியில் உட்கார்ந்தேன். "அங்க என்னதான் பண்ணுதுப்பா?" என்றேன். இதை இதுவரை ஏன் கேட்கவில்லை?

"கடைசி ஒரு மணி நேரம் கெண்டைக்கால யாரோ முறுக்கிப் பிழியுற மாதிரி இருக்கும். வாய்விட்டுக் கத்தணும் போல இருக்கும். சுத்தி இத்தன பேரு படுத்திருக்காங்க, எப்படிக் கத்துறது?"

இன்று ஒரு நாள் வாருங்கள், டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்றேன். அப்பா வயரை மாட்டி முறுக்கினார். இரண்டு விளக்கும் எரிய எரிய வண்டியை எடுத்தேன்.

"இவ்வளவு வலியை ஏன் சொல்லல?" என்றார் டாக்டர். அப்பா கூரையைப் பார்த்தார். உடம்பிலிருந்து தண்ணீரை வேகமாக இழுப்பதால் தசை பிடிக்கிறதாம். நேரத்தைக் கூட்டி மெதுவாக இழுத்துப் பார்க்கலாம் என்றார். அப்பா தண்ணீர் குடிப்பதையும் குறைக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

"கால் எப்படிப்பா?"

"பரவால்ல."

பக்கத்துப் படுக்கை வாத்தியாரோடு இன்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்தப் பரவாயில்லையை நம்பலாமா?

மார்ச் 18, செவ்வாய்

எழுந்ததும் வண்டிக் கடிகாரத்தைத்தான் போய்ப் பார்த்தேன். சரியாக ஓடுகிறது. இருந்தும் பானெட்டைத் தூக்கி வயரையும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். ஸ்பேனரை ஒளித்துவைக்கலாமா என்று ஒரு எண்ணம். சீ, வேண்டாம்.

மார்ச் 29, சனி

பாதி வழியில் மறுபடியும் மஞ்சள் விளக்கு. இது வேறு படம், டயர் மாதிரி. ஓரம் கட்டிவிட்டேன். அப்பா முகத்தைப் பார்க்கவே பயம். 'திரும்பிடலாம்மா' என்று சொல்லிவிட்டால்?

அவர் மெதுவாக இறங்கி ஒரு சுற்று வந்தார். குனிந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டார்.

"பின்னாடி காத்து கம்மி, அவ்வளவுதான். பங்க்ல அடிச்சுக்கலாம். எடும்மா வண்டிய, லேட்டாப் போனா ஜன்னலோர பெட்ட அந்த வாத்தியார் புடிச்சுக்குவாரு."