மூன்றாவது வயர்

செவ்வாய், ஐப்பசி 18

உதவித்தொகை விண்ணப்பங்களை அனுப்ப இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. எங்கள் கல்லூரி ஆபீசில் நாலு கம்ப்யூட்டருக்கும் ஒரே நெட் லைன். யாருக்காவது அவசரமென்றால் "கையெடுங்க" என்று சத்தம் கொடுப்போம். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். இன்று இரண்டு தடவை கத்தினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

ஐந்தாக ஐந்து நிமிடம். எழுந்துபோய் நாலு கம்ப்யூட்டரின் நெட் வயர்களும் வந்து சேரும் பெட்டியைப் பார்த்தேன். மூன்றாவது வயரின் விளக்கு மட்டும் விடாமல் மினுங்கியது. உள்ளறை ஜெயராணி அக்காவுடையது. நெட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பது அவள் வழக்கம். வந்த ஆத்திரத்தில் பிடுங்கிவிட்டேன். என்னுடைய விண்ணப்பங்களெல்லாம் மளமளவென்று போய்விட்டன.

ஐந்து அடித்ததும் அக்கா வெளியே வந்தாள். "ஏட்டி, நீ கத்துனது கேக்கத்தான் செஞ்சுது. நானும் உன் வேலையத்தானே பாக்கேன்! ஒத்தையில கெடந்து முழிக்கியேன்னு உன் விண்ணப்பக் கட்டுல பாதிய எடுத்து அனுப்பிக்கிட்டு இருந்தேன். கடைசி ஒண்ணு போகுத நேரம் பாத்து நெட்டு செத்துட்டு."

கட்டு குறைந்திருந்ததை நான் கவனிக்கவேயில்லை.

அந்தக் கடைசி ஒன்று எங்கள் மாணவி முத்துலெட்சுமியுடையது. வருமானச் சான்றிதழுக்காக அவள் அம்மா வயல் வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் தாலுகா ஆபீசுக்கு அலைந்தாள்.

யாரும் பார்க்குமுன் வயரைத் திரும்பச் சொருகிவிட்டேன். அக்கா நெட்காரனைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன்.

நாளைக் காலையில் முத்துலெட்சுமி வருவாள். நெட்டு கழுத்தறுத்துவிட்டது என்று அக்காவே சொல்லிவிடுவாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினால் போதும்.