கதிர்காமத்தில் ரூம் தேடியது

9.8.1998, ஞாயிறு இரவு

கடைசியில் மடத்து மண்டபத்தில்தான் பாய் விரித்திருக்கிறோம்.

ஓப்பநாயக்க டவுனில் பஸ் ஏறும்போதே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், கைக்குழந்தையோடு மண்டபத்தில் படுக்க முடியாது, ரூம் எடுப்போம் என்று. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் வெளியூர் வந்ததே இதுதான் முதல் தடவை.

முதலில் பார்த்த இடத்தில் மாடிப்படி செங்குத்தாக இருந்தது, வேண்டாம் என்றேன். அடுத்த வீட்டு ரூம் எனக்குப் பிடித்துப்போனது. கட்டிலுக்கு மேல் நுளம்பு வலைகூட இருந்தது. அந்த வீட்டுச் சிங்கள அம்மா பால் போத்தல் கழுவச் சுடுதண்ணி தந்தார். "சுது பபா", வெள்ளைப் பாப்பா என்று பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். என் வீட்டுக்காரர்தான் அவரோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். நான் சிரித்தபடி நின்றேன்.

பிள்ளை திடீரென்று அழுதாள். "அழாதடி கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்" என்றேன்.

அந்த அம்மா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அடையாள அட்டை கேட்டார். தமிழ் ஆட்களை வைத்தால் பொலிஸ் வந்து விசாரிக்கும், பயமாக இருக்கிறது என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் இவர் கேட்டார்: "கொஞ்ச நேரம் பேசாம இருந்திருக்கக் கூடாதா?"

"பிள்ள அழுதுச்சுங்க."

அங்கிருந்து நேரே மடத்துக்கு வந்துவிட்டோம். அந்த அம்மா மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. இவர் கேட்டதுதான் நெஞ்சில் நிற்கிறது.

சற்று முன் தாலாட்ட வாயெடுத்தேன். சுற்றிப் படுத்திருப்பவர்கள் எல்லாம் நம்ம ஆட்கள்தான். இருந்தும் பாட்டு வரவில்லை. வார்த்தை இல்லாமல் முனகியே தூங்க வைத்தேன்.