பாய் நனைந்த பிறகே கையெழுத்து

வேல்ஸ்,
வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 13.

அன்புத் தம்பி எல்வினுக்கு,

அக்கா நெரிஸ் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் வழக்கம்போல என் பேச்சைக் கேட்பதில்லை. நியூசிலாந்தில் நீ ரோமம் கத்தரிக்கிற ஆடுகளாவது உன் பேச்சைக் கேட்கும் என்று நம்புகிறேன். நான்கு வருடத்தில் மூன்று வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறாய். மூன்றிலும் ஆட்டுப் படம். உன் முகத்தை எப்போது காட்டப் போகிறாய்?

நாளைக் காலை பள்ளிப் பிள்ளைகள் ஆஸ்திரியாவுக்குப் பஸ் ஏறுகிறார்கள். அதே பள்ளிதான். முப்பத்தெட்டுப் பேர். ஆறு வாரமாக, வியாழன்தோறும் மாலையில், பனிக்குப் பதிலாக நம் சரிவில் விரித்த பிளாஸ்டிக் பிரஷ் பாய்மேல் பனிச்சறுக்கு பழகினார்கள். பாயின் ஓட்டையில் விரல் மாட்டாமல் கையை மூடிக்கொண்டு விழுவது, யாரும் தூக்கிவிடாமல் எழுவது, குதிகாலை விரித்து வேகத்தைப் பிடித்து நிற்பது எல்லாம் ஆயிற்று. நேற்று கடைசி வகுப்பு. யார் யார் தானாக நிற்கிறார்கள் என்று பார்த்து நான் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும்.

நேற்றென்று பார்த்து, பாய் பனிபோல வழுக்குவதற்காகத் தண்ணீர் தெளிக்கிற பம்ப் புகைந்து நின்றுவிட்டது. பத்து நாளாக மழையும் இல்லை. வருடம் முழுக்க ஊரை ஊறவைக்கிற வானம், நாம் கேட்கும்போது மட்டும் கையை விரிக்கிறது.

ப்ரோபர்ட் சார் பட்டியலையும் பேனாவையும் நீட்டினார். அன்று இருந்த அதே ஆசிரியர்தான்; தலைமுடிதான் இல்லை. எல்லாரும் அழகாக நிற்கிறார்களே, பாய் காய்ந்திருந்தால் என்ன என்று கேட்டார். காய்ந்த பாயில் பிள்ளைகள் நிற்பதில்லை, பாய்தான் அவர்களைப் பிடித்து நிறுத்துகிறது, பனி யாரையும் பிடிக்காது என்றேன். பெற்றோர் காத்திருக்கிறார்கள், வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்ட வேண்டும் என்றார். பாய் நனையாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லி, பேனாவை அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டேன்.

பிறகு ஒவ்வொரு காராகப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்பாக்களை இறக்கி, கேன்டீன் குழாயிலிருந்து சரிவின் உச்சி வரை வரிசையாக நிறுத்தினேன். வாளி, குப்பைக்கூடை, சூப் பானை என்று கையில் கிடைத்ததெல்லாம் தண்ணீரோடு கைமாறி மேலே போயிற்று. கேன்டீனில் இருந்த பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு பாட்டிலையும் கலந்துவிட்டேன். வரிசையில் நின்ற கறிக்கடைக்காரருக்கு ஷூ நனைந்த எரிச்சல். "பனியப் பாக்கப் போறது புள்ளைங்க, குளிர்ல சாகறது நாங்களா?" என்றார். பேசுகிற நேரத்தில் இன்னும் இரண்டு வாளி ஏற்றலாம் என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்தெட்டில் பதினோரு பேர் நிற்கவில்லை, எல்வின். சற்றுமுன் அழகாக நின்ற அதே பிள்ளைகள் நேராகப் போய் அடிவாரத்து மெத்தையில் மோதினார்கள். ப்ரோபர்ட் சார் பட்டியலை மடித்து வைத்துக்கொண்டு, தானும் ஒரு வாளியைத் தூக்கினார். திரும்பத் திரும்ப இறக்கினேன். ஒன்பது பேர் தேறினார்கள். மீதி இரண்டு பேருக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. பயணத்துக்குப் போகட்டும், ஆனால் புதியவர்கள் பழகும் திடலைத் தாண்டக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதினேன். அழுதார்கள். அழட்டும். அதில் ஒருத்தி கறிக்கடைக்காரர் மகள். இன்று காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பொட்டலம் கறி உருண்டை. வைத்துவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறார்.

மெத்தைக்குப் பக்கத்தில் நின்று, கைத்தடியை நீட்டி, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளை விரட்டியது யார் தெரியுமா? லவ்ரி. நம்மிடம் பனிச்சறுக்கு பழகிப் போய், ஆஸ்திரியாவில் ஒரு வளைவில் நிற்க முடியாமல் மரக்கட்டை அடுக்கில் மோதினாளே, அதே லவ்ரி. பதினெட்டு வயதாகிவிட்டது. நான்தான் கூப்பிட்டேன்.

அந்த வருடமும் பம்ப் ஓடவில்லை. நனைக்க வேண்டாமா என்று நீ கேட்டாய். "நல்லாத்தான்டா நிக்குதுங்க, கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வா" என்று சொன்னது நான். பிறகு பள்ளியில் விசாரணை நடந்தபோது நீ எழுந்து, கையெழுத்து என்னுடையது, தப்பும் என்னுடையது என்றாய். நான் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, தம்பி. நான்கு வருடமாக வெட்கமாக இருக்கிறது.

நேற்று வகுப்பு முடிந்ததும் அதை லவ்ரியிடமும் அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இன்று பள்ளிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். லவ்ரியின் அம்மா காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது. லவ்ரி மட்டும் நின்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கட்டையில மோதினதுக்கு எல்வின் மேல எனக்குக் கோவமே இல்ல. ஆஸ்பத்திரிக்கு எட்டிக்கூடப் பாக்காம ஊர விட்டே போயிட்டாரே, அதுக்குத்தான். வரச் சொல்லுங்க. நேர்ல நாலு வார்த்தை கேக்கணும்."

வந்து அந்த நாலு வார்த்தையைக் கேட்டுக்கொள். அதில் மூன்று எனக்குச் சேர வேண்டியவை. நானும் கூட நின்று கேட்டுக்கொள்கிறேன்.

விழுந்த பிள்ளையை நாம் தூக்கிவிடுவதில்லை. இன்னும் சறுக்கிப் போகாமல் இருக்க, அதற்குக் கீழே போய் நிற்போம், அவ்வளவுதான். நீ விழுந்த அன்று நான் அங்கே நிற்கவில்லை. இப்போது நிற்கிறேன், எல்வின். எழுந்து வா.

உன் வருகைக்குக் காத்திருக்கும் அக்கா,
நெரிஸ்