வெட்டாமல் விட்ட வெள்ளை ஏஞ்சலோனியா

இன்று காலை கத்தரிக்கோலின் இரண்டு அலகும் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. பிரித்து மூக்கருகே கொண்டுபோனேன். திராட்சை மிட்டாய் வாசனை. ஏஞ்சலோனியாப் பூச்செடியின் தண்டை வெட்டினால் இப்படித்தான் பிசுபிசுக்கும் என்று உனக்குத் தெரியும். வாசனை இலையிலா தண்டிலா என்று, வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயுமாக ஒரு நாள் முழுக்கக் கசக்கி முகர்ந்தோமே! கடைசியில் இருவருக்கும் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

சுங்கை பூலோ நர்சரிக்கு நாம் இருவரும் போய் வாங்கிய செடி. "சம்மர் ஸ்னாப்டிராகன்க்கா, வெயில்ல நல்லாப் பூக்கும்" என்றார் அங்கிருந்தவர். "நம்ம கிள்ளானுக்கு சம்மர் எப்ப வருதுண்ணே?" என்று நீ கேட்டாய். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெனமும்தான்க்கா" என்றார். கார் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாய். ஒரே தட்டிலிருந்து இரண்டு வெள்ளைச் செடிகள். உயரமாகப் பூத்து நின்றதை நீ எடுத்தாய். நான் எடுத்தது குட்டை, ஒரு மொட்டுகூடக் கிடையாது. அடியில் துளிர் மட்டும் நிறைய இருந்தது. "பாவம்லா, இதையா எடுக்கப் போற?" என்று எனக்காக இரக்கப்பட்டாய்.

மூன்று மாதத்தில் என் செடி புதராகி வெள்ளை வெளேரென்று பூத்தது. உன்னுடையது ஒல்லியாக வளர்ந்து உச்சியில் நாலு பூ வைத்திருந்தது. பொறாமைப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். நீயோ ஆராய்ச்சி செய்யக் கிளம்பினாய்! ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவளை யார் தடுக்க முடியும்? "ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். அப்பத்தான் காரணம் தெரியும்" என்றாய். முதலில் என் தொட்டி மண்ணைக் கேட்டு வாங்கினாய். பிறகு நான் ஊற்றும் அரிசி கழுவிய தண்ணீர். பிறகு, காலை வெயிலுக்காக உன் தொட்டியை என் வாசலில் கொண்டுவந்து வைத்தாய். ஒன்றும் நடக்கவில்லை.

"ஒங்க முருகன் வேலையா இருக்குமோ?" என்று கேட்டாய்.

"இருந்தா, ஒங்க மாதா சும்மா பாத்துக்கிட்டு இருப்பாங்களா?"

காப்பிக் கோப்பையோடு நீ வேலியருகே வந்து நின்ற ஒரு காலையில்தான் விடை கிடைத்தது. நான் பூசைக்குப் பூங்கொத்துகளை வெட்டிக்கொண்டிருந்தேன். "ஏய், இரு இரு. தெனமும் வெட்டுறியா?"

"பின்ன, சாமிக்குப் பூ வேணாமா?"

சனிக்கிழமை மாதா கோயில் பீடத்துக்கு நிறையச் சேரட்டும் என்று நீ ஒரு பூவைக்கூடத் தொடாமல் காத்து வைத்திருந்தாய். அன்றே உள்ளே ஓடிப் போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தாய். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு இரண்டாகக் கிளை வந்தபோது உனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். "மண்ணு, தண்ணி எல்லாம் மாத்தினேன். உன் கையப் பாக்கலையேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

போன வருஷம், நெஞ்சு கனக்கிறது, காட்டிவிட்டு வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. ரவாங்கில் இருக்கும் உன் மகள் வீட்டைப் பூட்டும்போது தொட்டியை என்னிடம் கொடுத்தாள். இந்த இடத்தில்தான் நான் முட்டாள்தனம் செய்தேன். அது உங்கள் பீடத்துக்கென்று நீ வளர்த்த செடி. ஒரு சாமிக்கென்று வைத்த பூவை இன்னொரு சாமிக்கு வைக்கக்கூடாது என்று என் அம்மா சொல்லி வளர்த்தார். அதனால் என் பூசைக்கு அதில் கை வைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நீ கடைசியாகத் தொட்ட கிளைகளை வெட்ட மனமும் வரவில்லை. வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? உன்கூட நின்று கண்ணால் பார்த்தவள்தானே! தெரிந்தும் ஏன் சும்மா இருந்தேன்? அதை நீதான் ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

ஏழு வாரத்துக்கு முன் உன் மகள் போன் செய்தாள். "ஆன்டி, அம்மாவோட வருஷப் பூசைக்கு அந்த வெள்ளப் பூ கெடைக்குமா?" என் செடிப் பூ முருகனுக்கென்று ஆனது, அவள் கேட்டதும் உன் செடிப் பூவைத்தான். வெளியே போய்ப் பார்த்தேன். அடியெல்லாம் விறகாகியிருந்தது. உச்சியில் மூன்று பூ. வெட்டினால் துளிர்க்கலாம், துளிர்க்காமலே போனால் பூவும் இல்லை, செடியும் இல்லை. கிளைகளைத் துண்டாக்கி நட்டுவைக்கலாம் என்றால் எல்லாம் முற்றிப் போயிருந்தன. பயமாக இருந்தது. அழுதுகொண்டேதான் வெட்டினேன், ஒரு சாண் விட்டு.

இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து தேடினேன். கணுவில் ஒரு பச்சைப் புள்ளி. "வந்துட்டுதுடி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். தெருவில் போன தபால்காரர் திரும்பிப் பார்த்தார்.

நேற்று மாதா கோயிலில் உன் வருஷப் பூசை. கை நிறைய வெட்டிக்கொண்டு போனேன். பீடத்தில் பூவை உன் மகள்தான் வைத்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எப்போது எழுவது எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். உன்னிடம் கேட்க எத்தனையோ கேள்வி இருந்தது.

இன்று காலை உன் செடியில் இரண்டு கொத்து மிச்சம் இருந்தது. வெட்டி என் முருகனுக்கு வைத்துவிட்டேன். இனி தினமும் வைப்பேன். உனக்கு ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லுடி.