அடிக்குப் பிறகு வரும் தட்டு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று அம்மா எறிந்தது ஆப்பிள் மசியல் கிண்ணம். சுவரில் பட்டு, காலண்டரில் வழிந்து, இந்த வாரத்துக் கட்டங்கள் முழுவதும் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டது. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என்மேல் படவில்லை.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி இன்றோடு பதினாறு நாள். நூற்றுப் பதினெட்டு கிலோ, முழங்கால் இரண்டும் போய்விட்டது, சர்க்கரை வேறு. இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு வளையம் மாட்டியிருக்கிறார்கள். வளையத்துக்கு மேலே சின்னப் பை மாதிரி கொஞ்சம் இடம்தான் மிஞ்சும். அது நிறைந்ததும் ‘போதும்’ என்று மூளைக்குச் செய்தி போகுமாம். அறிவியல் பாடத்தைவிட இது சுவாரசியம். மூளைக்குச் செய்தி போகிறதோ என்னவோ, அம்மாவின் கைக்குப் போகவில்லை.

கிளினிக்கில் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். ஐந்து கட்டங்கள்: நேரம், உணவு, அளவு, எத்தனை நிமிடம், பிறகு. கடைசிக் கட்டத்தின் மேல் பொடி எழுத்தில், ‘சாப்பிட்ட பிறகு நடந்தது என்ன? எதையும் ஒளிக்காமல் எழுதவும்.’ அம்மாவுக்கு எழுதுவது என்றால் வேப்பங்காய். “நீதான் பெரிய வாத்தியாரம்மா ஆச்சே, எழுது” என்று என் பக்கம் தள்ளிவிட்டாள்.

எழுதினேன். பகல் ஒரு மணி. ஆப்பிள் மசியல். மூன்று தேக்கரண்டி. இருபது நிமிடம். பிறகு: கிண்ணத்தை எறிந்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

குறி பார்த்து எறிந்தாளா, சும்மா எறிந்தாளா? அம்மா குறி பார்த்திருந்தால் நான் தப்பியிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். தையல் ஆலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. முந்நூறு பேருக்கு. அண்டா தூக்கக்கூடாது, பக்கத்தில் நின்று மற்றவர்களை வேலை வாங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் ருசி பார்த்தாக வேண்டுமே! நாக்கில் வைத்துத் துப்புகிறாள். “நாக்கு வேலை பாக்குது, வயிறு லீவுல இருக்கு” என்று முதல்நாள் சிரித்தாள்.

இன்று சிரிக்கவில்லை. உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாளாம். முந்நூறு தட்டும் அப்படியே திரும்பி வந்ததாம். மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம்: “என்னம்மா, வயித்தக் கட்டுன கையோட நாக்கையும் சேத்துக் கட்டிட்டாங்களா?”

வீட்டுக்கு வந்து சூப்பைக் கையில் எடுத்தவள் தண்ணீர் கேட்டாள். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, தாளில் போட்டிருக்கிறது என்றேன். தாளில் போட்டதைத்தான் சொன்னேன்.

பளீர்.

“பசியோட இருக்கறவகிட்ட பாடம் எடுக்கறியாடி?”

பிறகு: அறைந்தார். இடது காது. மூன்று மணி நேரமாக ‘கொய்ங்’ என்கிறது.

பிப்ரவரி 8, சனி

ஒன்றை யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

அம்மா அடிப்பது புதிதில்லை. அம்மாவுக்குச் சட்டென்று கை நீண்டுவிடும் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் முன்பெல்லாம் அடிக்குப் பிறகு தட்டு வரும். அரை மணி நேரம் ஆகும். அடுப்படியில் ஏதோ பொரியும் சத்தம் கேட்கும். அப்புறம் கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு வருவாள், கையில் ஒரு பெரிய தட்டு, ஆவி பறக்கும். எதிரே உட்காருவாள். “ம், தின்னு” என்பாள். அவளும் சாப்பிடுவாள், என்னைவிட மூன்று மடங்கு. ஒரே தட்டிலிருந்து. மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தட்டு காலியானால் சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

இப்போது தட்டு வருவதில்லை. அதனால் எந்தச் சண்டையும் முடிவதில்லை. திங்கட்கிழமைச் சண்டையின் மேலேயே வெள்ளிக்கிழமைச் சண்டை ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அம்மா பக்கத்தில் வந்தால் இனி அகராதியைக் காதோரம் பிடித்துக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறேன். கெட்டி அட்டை.

பிப்ரவரி 19, புதன்

ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. எல்லோரும் அம்மாவைப் பாராட்டினார்கள். நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன்.

மார்ச் 3, திங்கள்

வளையத்தை இறுக்கினார்கள். விலா எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினால் வளையம் உப்பி இறுகும். அம்மா ஊசிக்குக் கண்ணைக்கூட மூடவில்லை. மாடியில் இருக்கும் அத்தையும் துணைக்கு வந்திருந்தாள் (அப்பாவின் தங்கை, தையல்காரி, அம்மா இளைக்க இளைக்க உடுப்பைப் பிடித்துத் தைப்பது அவள்தான்). “வயித்துக்கு மோதிரம் போட்டாச்சு அண்ணி, கல்யாணம் எப்போ?” என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, வலித்து, அத்தையின் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள். அத்தைக்குக் கண்ணீரே வந்துவிட்டது. விளையாட்டு என்றுதான் இரண்டு பேரும் சொன்னார்கள்.

மார்ச் 5, புதன்

கேன்டீன் கரண்டி. முழங்கை நீளம், இரும்பு.

இரண்டு நாளாக வெறும் சூப். இன்று அதுவும் நெஞ்சோடு நின்று திரும்பி வந்துவிட்டது. நான் மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். சத்தம் வராமல்தான் தின்றேன். ஆனால் ரொட்டியின் ஓரம் மொறுமொறுப்பாக இருந்தது, அதற்கு நான் என்ன செய்வேன்?

“எம் முன்னாடி மென்னு காட்டறியா? காட்டறியாடி?”

தோளில் இரண்டு. முதுகில் நான்கு. ஏழாவதை அகராதி வாங்கிக்கொண்டது. முதுகட்டை கிழிந்துவிட்டது. அதற்குத்தான் அழுதேன் போலிருக்கிறது. அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ரொட்டியை எடுத்துக் கையால் பிசைந்தாள், மாவு பிசைவது போல. அப்புறம் குப்பையில் போட்டாள்.

அடுப்படியில் ஏதாவது பொரிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். பொரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

பள்ளிச் சட்டைக்கு அளவு எடுக்கும்போது அத்தை முதுகைப் பார்த்துவிட்டாள். அளவு நாடா அப்படியே நின்றது. “பல்லைக் கடிச்சுக்கிட்டு இருடா கண்ணு. அது அவ இல்ல, பசி” என்றாள். அப்புறம் மார்பளவைக் குறித்துக்கொண்டாள்.

பசிக்கு எங்கே கை இருக்கிறது? அப்பாவுக்குப் போன் செய்தேன். லாரியில் இருந்தார். “ரோட்டுல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்.” அவர் எப்போதும் ரோட்டில்தான் இருக்கிறார்.

மார்ச் 8, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மூன்று நாளாக நானும் அம்மாவும் பேசவில்லை. காலையில் ஒன்று தோன்றியது — அவளால் தட்டு கொண்டுவர முடியாது, நான் கொண்டுபோகலாமே? கோழித் தொடையை மிளகு தடவி வறுத்தேன். அம்மாவுக்கு உயிர். இதுவரை சரி.

ஆனால் தாளில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். ‘நாருள்ள இறைச்சியைப் பொடியாக நறுக்கவும். முழுத் துண்டு சிக்கிக்கொள்ளும்.’ கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நறுக்கவில்லை. ஏன் நறுக்கவில்லை?

“எனக்கா?” என்றாள் அம்மா. அந்த முகத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. பழைய மாதிரி அள்ளிக் கடித்தாள். மூன்று வாய். நான்காவதில் நின்றுவிட்டாள். கை நெஞ்சுக்குப் போனது. வாயிலிருந்து நுரை, கயிறு கயிறாக, நிற்கவே இல்லை. நாற்காலியை உதைத்தாள். சுவரில் கை முஷ்டியால் குத்தினாள், தோல் பிய்ந்து ரத்தம். தன் நெஞ்சில் தானே அறைந்துகொண்டாள், என்னை அறைவது போலவே.

நான் நின்று பார்த்தேன். ஒரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும். ‘வேணும், நல்லா வேணும்’ என்று எனக்குள்ளே யாரோ சொன்னார்கள். யாரோ இல்லை. நான்தான்.

அப்புறம்தான் மாடிக்கு ஓடினேன். ஆம்புலன்சில் அம்மா அத்தையின் விரலைக் கடித்துவிட்டாள், வலி தாங்காமல். நான் நோட்டை எடுத்து எழுதினேன். நேரம் மறந்துவிடக்கூடாது.

பகல் 12.40. கோழித் தொடை, நறுக்காதது. மூன்றரை வாய். நான்கு நிமிடம். பிறகு: சிக்கிக்கொண்டது. கொடுத்தது நான். நறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

வளையத்திலிருந்த தண்ணீரை ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். துண்டு இறங்கிவிட்டது. அம்மா தூங்குகிறாள். அப்பா வந்துகொண்டிருக்கிறாராம். ரோட்டில்.

மார்ச் 10, திங்கள்

கிளினிக்கின் உணவு ஆலோசகர் நோட்டைக் கேட்டார். என்ன சாப்பிட்டாள் என்று பார்க்கத்தான். முதல் பக்கத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். அவருடைய செருப்பு கீச் கீச்சென்று ஆடிக்கொண்டே இருக்கும். பாதியில் அது நின்றுவிட்டது.

“இதை யார் எழுதினது?”

“நான்தான். ஒளிக்காம எழுதணும்னு போட்டிருந்துது.”

அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டை அம்மாவின் மடியில் வைத்தார். “நீங்களே படிங்க.”

அம்மா விரல் வைத்துப் படித்தாள். அறைந்தார். கிள்ளினார். கரண்டி, ஆறு. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

“தெரிஞ்சா குடுத்தே?”

பொய் சொல்லியிருக்கலாம். “தெரிஞ்சுதாம்மா.”

நோட்டை மூடிவிட்டு, “நானும் தெரிஞ்சுதான் அடிச்சேன்” என்றாள். பசி, கிசி என்று எதுவும் சொல்லவில்லை.

வெளியே நடையில் ஆலோசகர் என்னிடம் தனியாகக் கேட்டார்: “வீட்டுக்குப் போகப் பயமா இருக்கா?” ஆமாம் என்றேன். வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மாவிடமும் அத்தையிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். இப்போதைக்கு நான் அத்தை வீட்டில் இருக்க வேண்டும். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வாரம் ஒருதடவை ஒருவர் வந்து பார்ப்பார். அத்தை கட்டுப்போட்ட விரலோடு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். “நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சே பண்ணிட்டு ஒத்துக்கிட்டீங்க. நான் தெரிஞ்சும் அளவெடுத்துக்கிட்டு நின்னேனேடி.”

மார்ச் 14, வெள்ளி

அப்பா வந்து சேர்ந்தார். நோட்டைப் படித்தார். லாரி சாவியை மேசையில் வைத்தவர், நாலு நாளைக்கு எடுக்கமாட்டேன் என்றார். நாலு நாளைக்கு மட்டுமா? அதையும் கேட்டுவிட்டேன். இனிமேல் கிட்டத்து ஓட்டம் மட்டும் கேட்டு வாங்குவாராம். பார்க்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

அம்மா செவ்வாய்தோறும் இன்னொரு டாக்டரிடம் போகிறாள். கோபத்துக்கென்றே தனி டாக்டர். “வயித்துக்கு ஒருத்தர், கைக்கு ஒருத்தர்” என்கிறாள் அத்தை. அம்மாவும் சிரித்தாளாம். நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

புத்தகம் எடுக்கக் கீழே போனேன். அம்மா முட்டையை மென்றுகொண்டிருந்தாள், தொண்டையில் நின்றுவிட்டது. தொட்டியில் கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தாள். மூன்று. ஒரு சில்லு என் காலில் பட்டது. “மேல போ! போடி, போயிரு!” என்று கத்தினாள். அது திட்டு இல்லை, எச்சரிக்கை என்று பாதிப் படி ஏறிய பிறகுதான் புரிந்தது.

அரை மணி கழித்துக் கதவு தட்டும் சத்தம். அம்மா, மூச்சிரைக்க, வெறுங்கையோடு.

“தட்டு கொண்டு வரல. எல்லாம் ஒடைச்சிட்டேன்.” படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அன்னிக்குக் கரண்டியால அடிச்சது… அதுக்கு முன்னாடி அடிச்சதும்… தப்பு.” சொல்லிவிட்டுத் திமுதிமுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

நானும் கோழித் தொடை கொடுத்தது தப்பு என்று சொல்ல வேண்டும். இன்னும் வாய் வரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம் நின்று பார்த்ததையும் சேர்த்து. அம்மா, “ஒரு நிமிசம்தானா?” என்று கேட்டாள்.

ஏப்ரல் 26, சனி

வாராவாரம் வந்து பார்ப்பவர் சரி என்ற பிறகு, வீட்டுக்கு வந்து ஆறு நாள். நோட்டை இப்போது அம்மாவே எழுதுகிறாள். இன்று பகல் கண்ணாடி டம்ளரை நான் கைதவறிப் போட்டேன். அவள் வாயில் முட்டை இருந்தது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அம்மா வெளியே போய்விட்டாள். வந்து, துடைப்பத்தை என்னிடம் கொடுத்தாள்.

அவள் குளிக்கப் போனபோது நோட்டைப் பார்த்தேன். ஒரு மணி. அரை முட்டை. பதினெட்டு நிமிடம். கடைசிக் கட்டத்தில் கோணல்மாணலாக: ‘கை ஓங்கினேன். எறக்கிட்டேன்.’

மாலையில் மேசையில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து, என் தலைக்கு மேலாகக் கையை நீட்டினாள். அலமாரியிலிருந்து தட்டு எடுக்கத்தான். புதுத் தட்டு.

என் கை அகராதி வரை போனது. எடுக்கவில்லை.